பாதி டட்டில் நல்ல மனிதர்

ஜோசே கோத்தேயை இத்தாலிக்காரி ஆக்கியது அவள் பிறந்த ஊரும் இல்லை, கட்டிய புருஷனும் இல்லை. அவள் வேலை பார்த்த கம்பெனி தயாரித்து விற்ற மின்னஞ்சல் மென்பொருள்தான் அந்தப் புண்ணியத்தைக் கட்டிக்கொண்டது. அவள் பெயரைப் பிரெஞ்சில் எழுத இரண்டு எழுத்துக்குத் தலையில் கொம்பு வேண்டும், நடுவில் ஓர் ஓ-வுக்குத் தொப்பி வேண்டும். கடிதத்தின் உடம்புக்குள் கொம்பும் தொப்பியும் எப்போதோ குடியேறிவிட்டன. மேலே யார் அனுப்பியது, யாருக்கு, என்ன விஷயம் என்று ஓடுகிறதே தலைப்பு வரிகள், அங்கே மட்டும் ஆங்கில எழுத்தைத் தவிர எதற்கும் அனுமதி இல்லை. கொம்பு வைத்த ஈ (e) வந்தால் அதைச் சீவி ஐ (i) ஆக்கும். தொப்பி வைத்த ஓ (o) வந்தால் டீ (t) ஆக்கும். ஜோசே என்பது ஜோசி ஆனது. கோத்தே (Côté) என்பது Ctti, அதாவது சிட்டி ஆனது.

இந்த லட்சணத்தில் டொராண்டோ தலைமை அலுவலகத்திலிருந்து மாண்ட்ரியல் கிளைக்கு மேலாளராக வந்து இறங்கினார் கிரஹாம் டட்டில். ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் அஞ்சலைப் பார்த்தார். ஜோசி சிட்டி. சரி, இத்தாலிக்காரப் பெண் என்று முடிவு கட்டிவிட்டார். அன்று முதல் நடைபாதையில் எதிர்ப்பட்டால் "ச்சாவ், ஜோசி!" என்று இத்தாலிய வணக்கம் வைப்பார். கிறிஸ்துமஸுக்கு மற்றவர்களுக்கெல்லாம் சாக்லேட், அவளுக்கு மட்டும் ஒரு பாட்டில் ஆலிவ் எண்ணெய்.

"சார், நான் இத்தாலிக்காரி இல்ல. எங்க ஊரு இதே மாகாணத்துல வடக்க, சாகெனே. ஏழு தலைமுறையா அங்கதான் பனி தள்ளிக்கிட்டிருக்கோம். என் பேரு ஜோசே."

"அதைத்தான நானும் சொல்றேன், ஜோசி!" என்பார் அவர், சிரித்த முகம் மாறாமல்.

டட்டிலுக்குப் பிரெஞ்சு பேசுவதில் கொள்ளை ஆசை. நீ, நீங்கள் என்கிற இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதது ஒன்றுதான் குறை. வாடிக்கையாளரை "நீ உள்ள வாங்க" என்பார். தரை துடைக்க வருகிறவரை "நீங்க நகரு" என்பார். எழுதும்போதோ அவருக்கு வேறொரு வியாதி இருந்தது. கடிதத்துக்கு உடம்பு என்று ஒன்று உண்டு என்பதையே அவர் ஒத்துக்கொள்ளவில்லை. சொல்ல வந்தது அத்தனையையும் விஷய வரியிலேயே கொட்டி அனுப்பிவிடுவார். திறந்து பார்த்தால் உள்ளே வெறும் வெள்ளை. 'நான் வேலையாக இருக்கிறவன்' என்று அதற்கு ஒரு பெருமை வேறு.

தலைப்பில் கொம்பெழுத்து வேண்டும் என்று ஜோசே கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள். "கொம்பு இல்லாம எழுதினா யாராவது செத்தா போயிடுவாங்க?" என்று டட்டில் கையை விரித்துவிட்டார். பிறகு ஆற்றுக்கு அக்கரைப் பள்ளிக் கழகத்தின் மதாம் பெருபே ஒருநாள் தொலைபேசியில் வந்தார். இந்த மென்பொருளிலேயே பெரிய வாடிக்கை அவருடையதுதான். "உங்க சாமான் என்னை 'பிருபி'ன்னு கூப்பிடுது. என் வீட்டு நாய்க்குக்கூட அந்தப் பேரு வைக்க மாட்டேன். சரி பண்றீங்களா, வேற கடைக்குப் போகட்டுமா?" என்றார். அடுத்த நாளே கொம்புக் குழு என்று ஒன்று உதயமாகிவிட்டது. குழு என்றால் ஜோசேயும் நார்மானும்தான். நார்மான் பெல்தியே ஐம்பது வயதுக்காரர், எதற்கும் அலட்டிக்கொள்ளாதவர். அவர் பெயரில் கொம்பும் கிடையாது, தொப்பியும் கிடையாது. "உங்களுக்கென்ன, மொட்டைத்தலைப் பேரு, மழையோ பனியோ கவலை இல்ல" என்று ஜோசே அவரைச் சீண்டுவாள்.

வேலை இதுதான். கொம்பெழுத்துள்ள தலைப்பை ஆங்கில எழுத்தாகவே மாறுவேஷம் போட்டு அனுப்ப வேண்டும். போய்ச் சேர்ந்த இடத்தில் வேஷத்தைக் கலைக்க வேண்டும். வேஷத்துணி குட்டை. ஆகவே நீளமான தலைப்பைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்பி, அங்கே மறுபடி ஒட்ட வேண்டும். விஷய வரிக்கு வேஷம் போடுவதும் கலைப்பதும் வெட்டுவதும் முடிந்தன. ஒட்டுவதும் பெயர் வரியும் பாக்கி இருந்தபோது டட்டில் வந்து நின்றார்.

"கஃபே-ன்னு அடி, பாப்போம்."

ஜோசே அடித்தாள். கடைசி எழுத்தில் கொம்போடு 'கஃபே' வந்து உட்கார்ந்தது.

"பிரமாதம்! நாளைக்கே எல்லா இடத்திலயும் ஏத்திடு."

"சார், இன்னும் ஒட்டறது முடியல. தலைப்பு நீளமா இருந்தா முதல் துண்டுதான் தெரியும். மீதி உள்ள கிடக்கும், கண்ணுக்கு வராது. பேரு வரியும் இன்னும் பண்ணல."

"பேரா முக்கியம்? விஷயம்தான் முக்கியம். அதுவும் விஷய வரியில எவன் நீளமா எழுதப்போறான்?"

கேட்டது யார்? டட்டில்! நார்மான் சட்டென்று குனிந்து, அவிழாத ஷூ நாடாவைக் கட்ட ஆரம்பித்தார்.

ஒட்டுகிற வேலையை நிறுத்தி, நாட்காட்டியில் பனிமனிதன் படம் போடுகிற வேலையை அவர்கள் தலையில் கட்டினார் டட்டில். பிரெஞ்சு பேசுகிற அந்த மாகாணம் நாட்டை விட்டுத் தனியே பிரிவதா வேண்டாமா என்று ஓட்டுப்போட்டு எல்லோரும் தொண்டை வறண்டு ஓய்ந்திருந்த குளிர்காலம் அது. வெட்டுகிற, ஆனால் ஒட்டாத மென்பொருள் ஊரெங்கும் ஓடத் தொடங்கியது. கூடவே ஓர் அதிசயமும் நடந்தது. டட்டில் நல்லவராகிவிட்டார்.

டிசம்பரில் ஒரு அஞ்சல் வந்தது. 'நம் குழுவினர் எல்லோருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் இனிய நோயெல்' என்று கிறிஸ்துமஸ் வாழ்த்து இருந்தது. அதோடு நின்றிருந்தது. அதற்குப் பின்னால் 'மறுநாள் வழக்கம்போல் வேலை, வராதவர்கள் பிறகும் வர வேண்டாம்' என்று ஒரு வால் இருந்தது யாருக்குத் தெரியும்? மறுநாள் ஒருவரும் வரவில்லை. டட்டிலும் புளோரிடாவில் மணலில் கிடந்ததால் அவருக்கும் தெரியவில்லை. ஜனவரியில், 'உழைத்துக் களைத்த நீங்கள் இதுவரை அனுபவித்த நீண்ட மதிய இடைவேளை' என்று ஒன்று. 'இன்றோடு ரத்து' என்கிற வாலை மென்பொருள் விழுங்கிவிட்டது. மேலாளருக்கு நம் களைப்பு புரிகிறதே என்று ஜனங்கள் உருகிப்போய் இன்னும் நிதானமாகச் சாப்பிட்டார்கள். வரவேற்பறைப் பெண் இறைச்சிப் பணியாரம் சுட்டுக் கொண்டுவந்து அவர் மேசையில் வைத்தாள். எல்லோரும் தன்னைக் கண்டு நடுங்குகிறார்கள் என்று டட்டில் நினைத்துக்கொண்டார்.

"மனுஷன் திருந்திட்டாருப்பா," என்றார் நார்மான்.

"ஆமா, நானும் அனாவசியமா வாயில போட்டு மென்னுட்டேன்," என்றாள் ஜோசே. உள்ளபடியே அவளுக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சியாகவும் இருந்தது.

பிப்ரவரியில், ஆட்களைக் குறை என்று டொராண்டோவிலிருந்து உத்தரவு வந்தது. டட்டில் யோசிக்கவே இல்லை. கொம்பு வேலைதான் முடிந்துவிட்டதே, அப்புறம் கொம்புக் குழு எதற்கு? அகராதியைப் புரட்டிச் சுத்தமான பிரெஞ்சில் எழுதி அனுப்பினார்.

இங்கே ஒரு சொல்லை மட்டும் சொல்லியாக வேண்டும். பிரெஞ்சில் கோன்ஜே என்றால் விடுமுறை. அதன் பின்னால் 'திமான்' என்று வாலை ஒட்டிக் கோன்ஜேதிமான் என்றால் வேலைநீக்கம். வால் ஒட்டுகிற இடத்தில் இருப்பது ஒரு கொம்பெழுத்து. ஜோசேயின் மென்பொருளோ, வேஷத்துணி தீர்ந்துபோனால் கொம்பெழுத்து முடிகிற இடமாகப் பார்த்து வெட்டுகிற வழக்கமுள்ளது.

'கொம்புக் குழுவின் உறுப்பினர்களுக்கு மேலாளர் அறிவிப்பது: இன்று முதல் உங்களுக்குக் கோன்ஜே.'

"பலிபீடமே!" என்று கத்தினாள் ஜோசே. அந்த ஊரில் சந்தோஷம் வந்தாலும் கோபம் வந்தாலும் மாதாகோயில் சாமான்களைத்தான் வாய்க்கு வந்தபடி இழுப்பார்கள். "லீவு குடுத்திருக்காரு, நார்மான்! கேக்காமலே குடுத்திருக்காரு!"

"எத்தன நாளாம்?"

"போடலையே."

"ரெண்டு வாரம்னு வெச்சுக்குவோம். மனுஷன் மறந்திருப்பாரு, நாம ஞாபகப்படுத்த வேணாம்." நார்மான் உடனே பதில் தட்டினார்: 'ரொம்ப நன்றி, தலைவரே! இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம்.' டட்டில் அதைப் படித்து நெகிழ்ந்துபோனார். வேலைநீக்கத்துக்கு நன்றி சொல்கிற ஜனங்களை டொராண்டோவில் அவர் கண்டதே இல்லை.

நார்மான் கியூபா கடற்கரைக்குப் பறந்தார். ஜோசே உறைந்த ஆற்றின்மேல் மரக்குடிலொன்றை வாடகைக்கு எடுத்தாள். பனிக்கட்டியில் துளை போட்டு, தூண்டில் இறக்கி, அடுப்பருகே காலை நீட்டி உட்கார்ந்து, விரல் நீள மீன்களை வெண்ணெயில் பொரித்துத் தின்றாள். டட்டில் நன்றாக இருக்கட்டும் என்று ஒரு தடவை வாய்விட்டே சொன்னாள். பாவம்!

இரண்டு வாரம் கழிந்த திங்கட்கிழமை காலை கன்னம் சிவக்க அலுவலகத்துக்கு வந்தவளைப் பார்த்து டட்டில் காப்பியைக் கீழே வைத்தார்.

"நீ ஏன் இங்க இருக்கீங்க?"

"லீவு முடிஞ்சுது சார். ரொம்ப நன்றி. மீன் கொண்டாந்திருக்கேன், உங்களுக்கும்."

"என்ன லீவு? உன்னை வேலைய விட்டு எடுத்தாச்சே! நான்தான் அனுப்பினேனே!"

மீன் பொட்டலம் கையில் இருந்தபடியே இருந்தது. இந்த ஆளைப் போய் நல்லவர் என்று நினைத்தோமே என்கிற வெட்கம்தான் முதலில் வந்தது, பயம் அதற்கப்புறம் வந்தது. நேராகத் தன் மேசைக்குப் போய் அந்த அஞ்சலைக் காட்டினாள். கோன்ஜே என்று பளிச்சென்று நின்றது. டட்டில் திரையை விரலால் சுரண்டிப் பார்த்தார், வால் அதற்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல.

உடனே டொராண்டோவுக்குப் போன் போட்டார். ஆட்கள் விவகாரம் பார்க்கிற மிஸஸ் ஆல்கட் ஒலிபெருக்கியில் வந்தாள்.

"அவங்க திரையில என்ன தெரியுதோ அதுதான் நோட்டீஸ், கிரஹாம். லீவுன்னு தெரிஞ்சா லீவுதான். முழுசா தெரியற வரைக்கும் அவங்க நம்ம ஆளுதான்."

"புதுசா இன்னொண்ணு அனுப்பிடறேன்."

"அதுவும் பாதிதானே தெரியும்? நீங்கதான் உள்ள ஒரு வரி எழுத மாட்டீங்களே."

"கொம்பில்லாம எழுதறேன்!"

"அங்க பிரெஞ்சுல பிழையில்லாம எழுதலேன்னா செல்லாதாம். வக்கீல் சொல்றாரு."

டட்டில் ஒலிபெருக்கியை அணைத்தார். இந்த லட்சணத்தில் மதாம் பெருபே வேறு காலையிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார். போன வாரம் பெரும்பனி கொட்டிய அன்று பள்ளிக் கழகம் தலைமையாசிரியர்களுக்கு ஓர் அறிவிப்பு அனுப்பியது. 'நம் கழகத்தின் எல்லாப் பள்ளிகளின் மாணவர்கள் நலன் கருதி' என்று அதிகாரிகளுக்கே உரிய முறையில் நீட்டி முழக்கி, 'நாளை மூடல்' என்பதைக் கடைசியில் வைத்திருந்தார்கள். கடைசி தெரிந்தால்தானே? நலன்தானே, அப்புறம் திறந்து பார்க்கலாம் என்று இரண்டு பள்ளிகளில் விட்டுவிட்டார்கள். பிள்ளைகள் பூட்டிய கதவுக்கு வெளியே பனியில் நின்றிருக்கின்றன. இதைக் கேட்டபோதுதான் ஜோசே மீன் பொட்டலத்தைக் கீழே வைத்தாள். இது தன் மென்பொருள் செய்த காரியம் அல்லவா?

டட்டில் ஒரே கல்லில் இரண்டு காரியத்தையும் முடித்துவிட நினைத்தார்.

"ஜோசி, அந்த ஒட்டற வேலைய இந்த வாரத்துக்குள்ள முடி. பேரு வரியையும் சேத்து முடி."

"முடிச்சா?"

"முடிச்சா உன் நோட்டீஸ் முழுசா தெரியும். அப்புறம் நீங்க போகலாம்."

இப்படியொரு வாய் யாருக்கு வரும்! அவள் கழுத்துக்கு அவளையே கயிறு திரிக்கச் சொல்கிறார், அதையும் சிரித்த முகத்தோடு சொல்கிறார்.

"சார், ஒண்ணு சொல்லிடறேன். துண்டுங்க எதுவும் தொலைஞ்சு போகல. எல்லாம் அவங்கவங்க பெட்டியிலதான் கிடக்கு. நான் ஒட்டினா பழசும் ஒட்டிக்கும். நவம்பர்லேர்ந்து போனது எல்லாமே முழுசா தெரியும்."

"பேஷ்! அதுதானே எனக்கு வேணும்!"

"எல்லாமே, சார். உங்களோடது எல்லாமே."

"ஆமாம்மா, ஆமாம்! சீக்கிரம் ஆகட்டும்!"

அவள் சொல்லியாயிற்று. இனி அவர் பாடு.

சூரியனில் கருத்துத் திரும்பிய நார்மான் விஷயத்தைக் கேட்டுத் தலையில் கைவைத்தார். "பைத்தியமா உனக்கு? ஒட்டாத. இழு. இன்னிக்குத் தலைவலி, நாளைக்குப் பல்வலின்னு இழு. ஒட்டாத வரைக்கும் நமக்கு வேலை இருக்கு. ஒட்டற அன்னிக்கு ரெண்டு பேருக்கும் திமான்!"

அது உண்மைதான். ஜோசே இரண்டு நாள் வெறுமனே திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்த வேலை போனால் வேறு எங்கே போவது என்று தெரியவில்லை. ஊரில் ஆட்களை எடுக்கிற கம்பெனியைவிட அனுப்புகிற கம்பெனிதான் அதிகம். இழுத்தால் ஒரு மாதம் ஓட்டலாம், சாமர்த்தியமாக இழுத்தால் கோடை வரைக்கும் ஓட்டலாம். ஆனால் அடுத்த பனிக்கு மறுபடி பிள்ளைகள் வெளியே நிற்கும். அதற்கும் மேலே, சொன்னால் வெட்கம், இன்னொன்று இருந்தது. அவள் கையால் எழுதிய மென்பொருளில் அவள் பெயரை அவள் பெயராக ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். சிட்டியாகவே வெளியே போக அவளுக்கு மனம் வரவில்லை.

"உங்களையும் சேத்து அனுப்பறேன், நார்மான். மன்னிச்சுக்கணும்."

நார்மான் ஒரு காலிப் பெட்டியை இழுத்தார். அப்புறம், "போகுது விடு. கியூபா பாத்தாச்சு," என்று பெட்டியில் தன் சாமான்களை அடுக்க ஆரம்பித்தார்.

ஒட்டுகிற பகுதி எழுதி முடிந்தது. பெயர் வரியும் முடிந்தது. வெள்ளிக்கிழமை மதியம், எல்லோரும் சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டு மேசைக்குத் திரும்பியிருந்த நேரம், ஜோசே அதை எல்லா இடத்துக்கும் ஏற்றினாள். அக்கரைப் பள்ளிக் கழகத்துக்கும் அதே கம்பி வழியாக அது போய்ச் சேர்ந்தது.

அவள் திரை ஒரு தடவை கண் சிமிட்டியது. சிட்டி போய்விட்டாள். ஜோசே கோத்தே என்று கொம்பும் தொப்பியும் வைத்துக்கொண்டு, பிறந்தபோது மாதாகோயிலில் எழுதினார்களே, அதேபோல ஒரு பெயர் வந்து நின்றது. அதற்குக் கீழே அவளுடைய கோன்ஜேக்கு மெல்ல வால் முளைத்தது.

வால் முளைத்தது அவளுக்கு மட்டுமா? பக்கத்து அறையில் யாரோ "என்னது?" என்றார்கள். எதிர் வரிசையில் ஒருவர் எழுந்து நின்றார். 'இன்றோடு ரத்து', 'வராதவர்கள் பிறகும் வர வேண்டாம்', 'இதுகூடப் புரியவில்லை என்றால் நீ மாடு மேய்க்கப் போகலாம்' என்று நவம்பரிலிருந்து பதுங்கிக் கிடந்த மீதி டட்டில் அத்தனை திரையிலும் ஒரே சமயத்தில் வந்து இறங்கினார். வரவேற்பறைப் பெண், "இந்த ஆளுக்கா பணியாரம் சுட்டுக் குடுத்தேன்? கிண்ணமே, கலசமே!" என்று ஆரம்பித்து, மாதாகோயிலில் ஒரு சாமானையும் மிச்சம் வைக்கவில்லை.

அக்கரையில் மதாம் பெருபேயும் படித்துக்கொண்டிருந்தார். 'மதாம் பெருபே, நீங்கள் சுட்டிய பிழைகளையெல்லாம் உடனே திருத்துவதே எங்கள் பெருமை' என்று ஜனவரியில் டட்டில் எழுதியதை அவர் அச்செடுத்து அறையில் ஒட்டியே வைத்திருந்தார். இப்போது அதன் தொடர்ச்சி வந்தது: 'என்று சொல்ல எனக்கும் ஆசைதான், ஆனால் நீ முதலில் உன் ஆட்களுக்குப் படிக்கக் கற்றுக்கொடு.' நீ! உன்! தொலைபேசி அலறியது. டட்டில் எடுத்தார். "வணக்கம் மதாம், நீ எப்படி இருக்கீங்க?" என்றார். அதற்கப்புறம் அவர் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார்.

பிறகு ஓடிவந்தார். கழுத்துப்பட்டி தோள்மேல் கிடந்தது.

"ஜோசி! வெட்டு! பழையபடி வெட்டுங்க! இப்பவே, இந்த நிமிஷமே! ஒட்டினதை எடு!"

ஜோசே குளிர்கோட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். "எடுக்கலாம் சார். ஒரு நிமிஷ வேலை."

"அப்ப எடுங்களேன்!"

"நான் இங்க வேலை பாக்கலையே. வேலையில இல்லாதவ கம்பெனி சாமான்ல கை வெச்சா தப்பில்லையா?"

"யார் சொன்னது?"

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். டட்டில் குனிந்து படித்தார். அவரே எழுதியது. ஒரு பிழை இல்லை, ஓர் எழுத்துக் குறையவில்லை. திமான் வரைக்கும் இருந்தது.

"நார்மான்...?" என்று திரும்பினார்.

"எனக்கும் அதே கடுதாசிதான், தலைவரே," என்றார் நார்மான், பெட்டியைத் தூக்கிக்கொண்டு.

பின்னால் ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து கூடிக்கொண்டிருந்தார்கள். அறையில் தொலைபேசி மறுபடி அடித்தது. டட்டிலின் கண் திரையிலேயே, அந்த அஞ்சலின் மேல்வரியில், யாருக்கு என்று போட்டிருந்த இடத்தில் நிலைத்திருந்தது. அவர் எழுத்துக்கூட்டினார்.

"மதாம்... ஜோசே... கோத்தே," என்றார். "தயவு பண்ணுங்க."

ஜோசே கையுறையைப் போட்டுக்கொண்டாள். அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது, எதையும் அவர் முன்னால் காட்டிக்கொள்ளவில்லை.

"பாத்தீங்களா சார்," என்றாள், "வேலை செய்யுது."